தட்டு எறிய ஓர் இடம்

1

நான் சிங்கப்பூரில் வந்து இறங்கிய தேதி வருடாவருடம் வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. வீடிருக்கும் தெம்பனிஸில் ரயிலேறி லிட்டில் இந்தியா போவோம். சிராங்கூன் சாலையில் இலை போட்டுச் சாப்பிடுவோம். என் மனைவி மங்கை மல்லிகைப்பூ வாங்குவாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊரோட போயிடலாம்" என்பேன். முதல் வருடத்திலிருந்தே இதே வசனம்தான். மங்கை இப்போதெல்லாம் அதற்குத் தலைகூட ஆட்டுவதில்லை.

இந்த வருடம் நான் கை கழுவப் போவதற்கு முன்பே யாழினி முந்திக்கொண்டாள். எங்களுக்கு ஒரே பெண். இங்கேயே பிறந்து, இங்கேயே பாலிடெக்னிக் முடித்தவள்.

"அப்பா, ஃபின்லாந்து யூனிவர்சிட்டில சீட் கிடைச்சிருச்சு. ஃபுல் ஸ்காலர்ஷிப். ஆகஸ்ட்ல போகணும்."

எனக்கு ரசம் புரையேறிவிட்டது. மங்கை என் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே மகளைப் பார்த்த பார்வையில், அவளுக்கு இது பழைய செய்தி என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும்.

"என்ன படிப்பு?"

"ஃபாரஸ்ட்ரி."

பன்னிரண்டாவது மாடியில் வளர்ந்த பெண் காட்டைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். மணி பிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மூன்று முறை கூப்பிட வேண்டும்.

"அங்க லைஃபே வேற மாதிரி லா அப்பா. எல்லா ஊர்லயும் டிஸ்க் கோல்ஃப் கோர்ஸ் இருக்கு. ஹாஸ்டல் பின்னாடியே ஒண்ணு இருக்காம்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அடுத்த மாசக் கடைசிக்குள்ள ரிப்ளை போடணும். நீங்க சரின்னு சொன்னாதான் போடுவேன்" என்றாள்.

சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அவள் சொன்னதிலேயே என் கைக்கு எட்டியது அந்த விளையாட்டு ஒன்றுதான். இங்கேயே அதை விளையாட நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் பெண் போக மாட்டாள் என்று ஒரு நப்பாசை. படித்த மனுஷன் யோசிக்கிற யோசனையா இது? ஆனால் அப்படித்தான் யோசித்தேன். பெண் பிரியப் போகிறாள் என்றதும் என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

"அது இங்க இல்லையாக்கும்? அப்பா தேடித் தரேன் பாரு" என்றேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே அந்த வாரம்தான் தெரியும். கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்தும் மட்டையும் கிடையாது. கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பிள்ளைகள் கடற்கரையில் வீசி விளையாடும் ஃபிரிஸ்பீயைவிடச் சிறியது, கனமானது. தூரத்தில் ஒரு கம்பத்தில் கூடை இருக்கும், கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். எறிந்த தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைவான தடவை எறிந்தவர் ஜெயிப்பார்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். தூரம் குறைவாக இருக்க வேண்டும். முன்னால் மரம் நிற்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீர் கூடாது. ஆள் நடமாட்டம் கூடாது. புல் குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். சிங்கப்பூரில் மரமும் தண்ணீரும் மனிதர்களும் இல்லாத புல்வெளி வேண்டும் என்கிறார்கள். சரிதான், நிலாவுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன்.

திருச்சியில் இருக்கும் என் தங்கை செல்வியிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் மாமியார் வந்து என்ன என்று கேட்டார்.

"தட்டு எறியுறதுக்கா இடம் தேடுற? என் வீட்டுக்கு வாண்ணே, தெனம் ராத்திரி இவரு எறிவாரு."

அவள் கேலி செய்ததில் நியாயம் உண்டு. தில்லைநகரில் நாங்கள் வளர்ந்தபோது இடம் தேடியதே கிடையாது. தெருவில் எது காலி மனையோ அது மைதானம். யாராவது செங்கல் இறக்கிக் கடைக்கால் தோண்டினால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்விடுவோம். யாரிடமும் கேட்டதில்லை, யாரும் கேட்டதுமில்லை. இப்போது அந்தத் தெருவில் ஒரு மனைகூட மிச்சமில்லை, எங்கள் வீடும் கைமாறி அடுக்குமாடியாகிவிட்டது. நான் வருடாவருடம் போகப்போவதாகச் சொல்லும் ஊர் எது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இங்கே முறைப்படி போவோம் என்று மைதானம் பதிவு செய்யும் இணையப் பக்கத்துக்குப் போனேன். விளையாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எங்கள் விளையாட்டு அதில் இல்லை. 'மற்றவை' என்று போட்டேன். மறுநாள் ஓர் அதிகாரி கூப்பிட்டார், தங்கமான குரல்.

"சார், இது கோல்ஃபா, ஃபிரிஸ்பீயா?"

"ரெண்டும்தான்."

"கோல்ஃபுன்னா அந்தத் திடல்ல அனுமதி கிடையாது. ஃபிரிஸ்பீன்னா டீம் பேரு வேணும். எத்தனை பேரு விளையாடுவீங்க?"

"நானும் என் பொண்ணும்."

மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். நான் இந்த ஊரில் நிரந்தரவாசி. இந்த வார்த்தையை வைத்தவர் என்னைப் பார்த்திருந்தால் வேறு வார்த்தை வைத்திருப்பார். இத்தனை வருடத்தில் எத்தனை கவுன்டரில் நின்றிருக்கிறேன், எந்தக் கட்டத்திலும் நான் சரியாகப் பொருந்தியதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டால் நேரே வீட்டுக்குப் போவதில்லை. தெரியாத ஸ்டேஷனில் இறங்கி, புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழக்குக் கடற்கரையில் காற்று தட்டைப் பிடுங்கிக் கடல் பக்கம் கொண்டுபோகும். பெரிய பூங்காக்களில் ஓடுகிறவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள், நாய்க்குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள். பாலம் தாண்டி மலேசியாவில், ஜோகூர் பக்கம் ஒரு கோர்ஸ் இருப்பதாக ஒருவர் சொன்னார், அதை மூடிவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். சனிக்கிழமை பாலத்தில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குத் திருச்சிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால் அதை விசாரிக்கவில்லை.

3

இதற்கிடையில் யாழினி பகுதிநேர வேலைச் சம்பளத்தில் ஆர்டர் செய்திருந்த டிஸ்க் வந்து சேர்ந்தது. நல்ல மஞ்சள் நிறம். மெதுவாக, நேராகப் போகும் ரகம், பழகுவதற்கு அதுதான் நல்லதாம்.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் மங்கையின் கையால் சந்தனமும் குங்குமமும் வாங்காமல் உள்ளே போகாது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உண்டு, அரிசி குக்கருக்கு உண்டு, வைஃபை பெட்டிக்கும் உண்டு. டிஸ்க்குக்கும் வைத்தாள். மறுநாள் கீழே போய் எறிந்து பார்த்துவிட்டு யாழினி கை முழுக்கச் சிவப்பாக வந்தாள்.

"ம்மா, ஸ்லிப் ஆகுதும்மா. கிரிப்பே இல்ல."

"பொட்டு இல்லாம புதுப் பொருள வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். அந்தச் சனிக்கிழமை லிட்டில் இந்தியா போனபோது ஒரு ஸ்டேஷனரி கடையில் வெள்ளை, சிவப்பு பெயிண்ட் பேனா இரண்டு வாங்கினேன். டிஸ்க்கைத் துடைத்து, வெள்ளையில் மூன்று விபூதிப் பட்டை, நடுவில் சிவப்பில் அம்சமாக ஒரு பொட்டு. கையில் ஒட்டாது, மழையில் போகாது. பொட்டும் இருக்கிறது, பிடியும் இருக்கிறது. பின்பக்கம் அவள் ஏற்கெனவே பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தாள். தொலைந்த டிஸ்க்கை எடுத்தவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பது அந்த விளையாட்டில் வழக்கமாம்.

யாழினி அதை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இது டிஸ்க் மாதிரியே இல்ல. சாமி மாதிரி இருக்கு."

"சாமி கூட இருந்தா நல்லதுதானே" என்றேன். மங்கைக்குத் திருப்தி, எனக்கும் பெருமை.

லிட்டில் இந்தியாவிலேயே, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு வெட்டவெளி உண்டு. மரமில்லை, தண்ணீரில்லை, காலை நேரத்தில் ஆளுமில்லை. அடுத்த சனிக்கிழமை காலை நானும் யாழினியும் அங்கே எறிய ஆரம்பித்தோம். இரவு வேலை முடித்து வந்த தம்பி ஒருவர், கையில் பொட்டலத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார். அறந்தாங்கிக்காரர்.

"என்னண்ணே, தட்ட டெஸ்ட் பண்றீங்களா? எவர்சில்வர் வாங்கிருக்கலாம்ல?"

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரிடம் கொடுத்து எறியச் சொன்னாள். அவர் எறிந்தது எங்களுக்குப் பின்னால் போய் விழுந்தது.

"நாளைக்கும் வரலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமையா? உக்காரவே எடம் இருக்காதுண்ணே. நாங்க அம்புட்டுப் பேரும் இங்கனதான்."

எனக்குத் தெரிந்ததுதான். வாரத்துக்கு ஒரு நாள் நண்பனைப் பார்க்கவும் ஊருக்குப் பேசவும், வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் அவர்களுக்கு இருக்கிற கூடம் அது. அதில் போய் நான் தட்டு எறிந்து என் பெண்ணைப் பிடித்துவைக்க முடியாது. அடுத்த இடம் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

4

இடம் கிடைத்தது. நான் இந்த ஊரில் முதன்முதலாக அறை எடுத்துத் தங்கிய குவீன்ஸ்டவுனிலேயே கிடைத்தது.

அங்கே பழைய அடுக்குமாடி ப்ளாக்குகளை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று குடியிருந்தவர்களை வேறு வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். நான் குடியிருந்த ப்ளாக்கும் அதில் ஒன்று. ஜன்னல்கள் சாத்திக்கிடந்தன. இன்னும் தகரவேலி போடவில்லை. இரண்டு ப்ளாக்குகளுக்கு நடுவே அகலமான புல்வெளி, யாரோ பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டுப் போன மாதிரி குட்டைப் புல். மரங்கள் ஓரத்தில் மட்டும். படித்ததெல்லாம் அப்படியே கண்முன்னால்.

கூடை இல்லை. அதனால் என்ன, விளக்குக் கம்பம் முதல் கூடை. தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிய கல்மேசை இரண்டாவது. துணி காயப்போடும் கம்பி மூன்றாவது. படிக்கட்டின் கைப்பிடி நான்காவது. யாழினி ஓடி ஓடி அளந்தாள். நான் எறிந்த ஒன்று கல்மேசையில் சரியாகப் போய் விழுந்ததும், "நைஸ்பா!" என்று கையைத் தட்டினாள். அவள் என் பக்கம் திரும்பி அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. வீட்டில் எங்களிடம் தமிழ், போனில் ஆங்கிலம் என்று இருந்த பெண், ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே என்னோடு வாய் ஓயாமல் பேசினாள். நான் மேலே கைகாட்டி, "அதோ, அந்த மூலை ரூம்தான். ரெண்டு பேருக்கு ஒரு கட்டில்" என்று சொல்வேன். அவள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பாள். எனக்குள் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போனது. ஃபின்லாந்து பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. மாசக் கடைசி மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "போதும்மா, கெளம்பலாம்" என்றேன். "லாஸ்ட் ஒண்ணுப்பா" என்று வேகமாகச் சுழற்றி எறிந்தாள். அது கம்பியையும் தாண்டி, சரிவுக்குக் கீழே மரங்களுக்குள் போய் மறைந்தது. தேடினோம். மழை பிடித்துக்கொண்டது, இடி கேட்டது, அப்படியும் அவள் வர மாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காலி ப்ளாக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்கினேன். நனைந்த எரிச்சலா, பயமா, இத்தனை நாள் அடக்கிவைத்ததா தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஒரு தட்டப் பத்திரமா வச்சுக்கத் தெரியல. ஃபின்லாந்துல தனியா போய் என்னத்தக் கிழிக்கப் போற?"

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

"நீங்க வந்தப்போ உங்ககிட்ட என்னப்பா இருந்துச்சு? மேல இருக்கே அந்த ரூம்ல பாதி கட்டில். தாத்தா உங்ககிட்ட இப்படிக் கேட்டாரா?"

என் அப்பா கேட்கவில்லை. திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிடும்வரை கீழே வைக்கவே இல்லை. கூப்பிட்டதும் என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். இதை நான் யாழினியிடம் சொல்லவில்லை. மழை விட்டதும் ரயிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வந்தோம்.

5

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. மங்கைதான் இடையில் தூது. "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு", "அவளக் கதவச் சாத்தச் சொல்லுங்க" என்று அலுத்துப்போய், "ரெண்டு பேருக்கும் ஒரே அழுத்தம். நடுவுல என்னப் போட்டு அரைங்க" என்றாள். மாசம் முடியச் சில நாள்தான் இருந்தது. யாழினி கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் போனை நீட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"அப்பா, யாரோ ஒரு அங்கிள். நம்ம சாமி அவர்கிட்ட இருக்காம்."

வாங்கிப் பேசினேன். வயதான சீனக் குரல். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

"ஹலோ, இது ஒங்க சாமியா? போன் நம்பர் போட்ட சாமிய நான் இப்பதான் மொதல் தடவ பாக்குறேன் லா."

மறுநாள் காலை நானும் யாழினியும் குவீன்ஸ்டவுன் போனோம். சரிவுக்குக் கீழே, பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் அவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தைச் சுற்றிச் சாமிகள். கை உடைந்த குவான்யின் என்ற சீனத் தெய்வம், பளிங்குப் பிள்ளையார், கண்ணாடி விரிசல் விட்ட முருகன் படம். நடுவில், அடிமரத்தில் சாய்த்துவைத்து, எங்கள் மஞ்சள் டிஸ்க். முன்னால் ஊதுபத்தி, ஒரு பாக்கெட் சோயா பால், காய்ந்த மல்லிகைச் சரம். நான் வரைந்த பட்டை ஒரு கோடுகூட அழியவில்லை.

"இந்த ப்ளாக் ஆளுங்க எல்லாரும் வீடு மாறிட்டாங்க" என்றார் அவர். "சில பேரு பிள்ளைங்களோட ஆஸ்திரேலியா, கனடா. சாமியக் குப்பையில போட முடியாதுல்ல, இங்க வச்சிட்டுப் போயிடறாங்க. நானும் வேற வீட்டுக்குப் போயிட்டேன், ஆனா தெனம் வந்து பாத்துக்குறேன். இது மண்ணுல கவுந்து கிடந்துச்சு. யாரோ ஒரு இந்தியக் குடும்பம் வெளிநாடு போயிருச்சுன்னு நெனச்சேன். எடுத்து வச்சேன். ஒங்க ஆளு ஒரு அம்மா வந்து பூ போட்டாங்க. சரி, பவர்ஃபுல் சாமிதான்னு நானும் ஊதுபத்தி வச்சேன். நேத்துத் தொடைக்கும்போதுதான் பின்னாடி நம்பரப் பாத்தேன். விட்டுட்டுப் போறவங்க நம்பர் எழுத மாட்டாங்களே. அதான் கூப்ட்டேன்."

யாழினி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். விளையாடுகிற தட்டு, அம்மா பொட்டு வைத்தாள், வழுக்கியது, அப்பா பெயிண்ட் அடித்துவிட்டார். அவர் கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஐயோ, ஃபிரிஸ்பீயா" என்றார். பிறகு கவலையோடு, "ஆனா நான் வேண்டிக்கிட்டேனே. பேத்திக்குப் பெரிய பரீட்சை வருது லா."

யாழினி டிஸ்க்கை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "ரிசல்ட் எப்ப அங்கிள்?"

"நவம்பர்."

"அப்ப ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். இப்ப எடுத்தா நல்லாருக்காது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க் யூ, கேர்ல். ரிசல்ட் வந்ததும் கூப்பிடுறேன், வந்து எடுத்துக்க. பின்னாடி இருக்கிற நம்பர்தானே?"

நவம்பரில் அந்த நம்பர் இங்கே இருக்குமா என்பது யாழினி கையில் இல்லை, நான் இன்னும் சொல்லாத பதிலில் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே அந்த மூலை அறையின் ஜன்னல் தெரிந்தது. இந்தப் புல்வெளியையும் இன்னும் கொஞ்ச நாளில் வேலி போட்டு மூடிவிடுவார்கள். இதைக் காட்டி நான் யாரைப் பிடித்துவைக்க முடியும்?

தோள்பையில் தேடினேன். சிவப்பு பெயிண்ட் பேனா அதிலேயே கிடந்தது. பெரியவரிடம் கேட்டு டிஸ்க்கை எடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன். திருப்பி, யாழினியின் நம்பருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அதற்குக் கீழே என் நம்பரை எழுத ஆரம்பித்தேன்.

"எனக்குக் கூப்பிடுங்க அங்கிள்" என்றேன். "நவம்பர்ல இவ இங்க இருக்க மாட்டா. ஃபின்லாந்துல படிச்சிட்டிருப்பா."

யாழினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஏழு சரியாத் தெரியலப்பா" என்றாள்.

அழுத்தி இன்னொரு தடவை எழுதினேன்.